மூன்று மணி வெடி

அபர்ணாவின் பட்டியலில் அன்று ஏழு வேலைகள். ஆறுக்கு டிக் போட்டாகிவிட்டது. ஏழாவது மட்டும் மூன்று வாரமாக ஒரு சனிக்கிழமையிலிருந்து அடுத்த சனிக்கிழமைக்கு நகர்ந்துகொண்டே இருந்தது.

‘மாமாவிடம் சொல்ல வேண்டும்.’

இன்று அதை நகர்த்த இடமில்லை. மூன்று மணிக்குக் கொட்டகைக்குள் முதல் துப்பாக்கி வெடிக்கும். அதற்குள் அவள் கணவனின் அப்பா சபாரத்தினம் மாமாவுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

கொட்டகை ஒரு காலத்தில் மாடுகள் நின்ற இடம். நியூசிலாந்தில் ஹெலன்ஸ்வில் தாண்டி, ஒரு பழைய பால் பண்ணையைத் துண்டு போட்டு விற்றபோது மாமா வாங்கிய நாலு ஏக்கரில் நிற்கிறது அது. முப்பத்திரண்டு மீட்டர் நீளம். ஜன்னல் குறைவு. அபர்ணாவின் கணவன் விதுஷன் பிசியோதெரபிஸ்ட். சனிக்கிழமைகளில் இலக்குத் துப்பாக்கி சுடுபவன். போன வருடம் அவனுடைய குழுவுக்கு இருந்த இடம் பறிபோனது. எட்டுப் பேரும் தங்களுக்கென்று கூரைக்குள் ஓர் இடம் போட்டுக்கொள்ள நினைத்தார்கள். கொட்டகை கண்ணில் பட்டது.

அப்பாவிடம் கேட்க விதுஷன் பயந்தான். கல்லூரி நாளில் ஒருமுறை அவன் துப்பாக்கியோடு வீட்டுக்கு வந்ததற்கு, அவர் மூன்று நாள் சாப்பிடவில்லை. “போர் கண்ட ஆள். விடு” என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஏப்ரலில் ஒருநாள் அவன் துணிந்து கேட்டான். மூன்று வயதில் நியூசிலாந்துக்கு வந்தவனின் தமிழில் கேட்டான்.

“அப்பா, கொட்டிலுக்குள்ள நாங்கள் ஷூட்டிங் செய்யப் போறம். ஓகேயா?”

“ஓம், செய்யுங்கோவன். நல்ல விசயம்தானே” என்றார் மாமா.

அன்று காரில் ஏறியதும் விதுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “அப்பா யெஸ் சொல்லிட்டார், அபர்ணா. கான் யூ பிலீவ் இட்?”

அவனுக்கு ஷூட்டிங் என்றால் துப்பாக்கி. மாமாவுக்கு, தமிழ் பேசும் எவருக்கும் போல, ஷூட்டிங் என்றால் சினிமா. இடத்தை அளக்க விதுஷனோடு வந்த கோகுல் கல்யாண வீடியோ எடுப்பவன். அது வேறு மாமாவின் எண்ணத்துக்கு முட்டுக் கொடுத்தது. ஜன்னலை அடைக்கச் சொன்னார்கள். படம் எடுக்கிற இடம்தானே. சுவருக்குள் இன்னொரு சுவர், நடுவே கம்பளிப் பஞ்சு, இரட்டைக் கதவு. வெளிச் சத்தம் வரக்கூடாதே. இருபத்தாறு வருடம் கொன்கிரீட் வேலை செய்த மாமா, மூட்டு வலியை மறந்து, உள்சுவர் முழுவதையும் தன் கையால் எழுப்பினார். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் முப்பத்திரண்டு மீட்டருக்கு ஒரு பொய் எழும்பி நின்றது.

“பிள்ளை, கமரா எந்தப் பக்கம் நிக்கும்?” என்று மாமா கேட்ட நாளில்தான் அபர்ணாவுக்குப் புரிந்தது. அன்றே சொல்லியிருக்கலாம். சொன்னால் மாமாவின் உற்சாகம் போய்விடும். விதுஷனின் ‘அப்பா யெஸ் சொல்லிட்டார்’ போய்விடும். வங்கியில் மென்பொருளைச் சோதிப்பதுதான் அவள் வேலை. தவறு கண்ட அன்றே எழுதி அனுப்பிவிடுவாள். வீட்டில் மட்டும் எழுதி வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

ஹில்ஸ்பரோ வீட்டில் மாமா தேய்த்த சட்டையோடு தயாராக நின்றார்.

“பார் பிள்ளை, உன்ர மாமாவை” என்றாள் புஷ்பவதி மாமி, ஃபிளாஸ்க்கில் தேநீரை ஊற்றியபடி. “விடியக்காலமை எழும்பித் தாடி வழிச்சாச்சு. கலியாணத்துக்கும் இப்பிடி வெளிக்கிடேல்லை.”

“அப்ப தாடி இல்லை, வழிக்கேல்லை” என்றார் மாமா. “எங்க பேப்பர்? நான் சைன் வைக்கிறது?”

“அங்க போய் வைக்கலாங்க மாமா.”

நிலம் மாமாவின் பேரில் இருந்தது. சத்தத்தை அளந்து எழுதும் அறிக்கையோடு, நிலத்துக்காரர் சம்மதப் படிவமும் கவுன்சிலுக்குப் போக வேண்டும். கையெழுத்துக்கு மேலே, முதல் வரியிலேயே, எந்த உபயோகத்துக்கு என்று எழுதியிருந்தது. அபர்ணா அதைத் தன் பைக்குள் தலைகீழாக வைத்திருந்தாள்.

வெளியே போகும் வழியில் சுவரில் குணரத்தினத்தின் படம். மாமாவின் தம்பி. கோவில் தேருக்குப் பக்கத்தில், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிற இளைஞன். மாலை இல்லை, விளக்கு இல்லை. கல்யாணமான புதிதில் அவள் கேட்டபோது மாமி குரலைத் தாழ்த்தி, “வெடி பட்டிருக்கும் எண்டு சனம் சொல்லுது. மாமாவிட்டக் கேட்டிடாத” என்றிருந்தாள். அபர்ணாவின் ஊரான பொள்ளாச்சியில் ஒரு மாரியம்மன் நோம்பிக்கு வெடி கட்டியவர் ஒருவர் அப்படித்தான் போனார். தேர், திருவிழா, வெடி. பாவம் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குமேல் கேட்கவில்லை.

சான்ட்ரிங்ஹாமில் மாமா காரை நிறுத்தச் சொன்னார். கற்பூரமும் எலுமிச்சையும் வேண்டுமாம். கடைக்கார நிதின் கல்லாவிலிருந்தே கும்பிட்டான்.

“ஐயா, இன்னைக்கா பூஜை? எனக்கொரு வில்லன் சான்ஸ் குடுங்கன்னு எத்தனை தடவை கேக்கறது?”

“உமக்கு வில்லன் பத்தாது தம்பி. வில்லன் அரிசி வாங்கிற கடைக்காரன். அதுதான் இருக்கு.”

“ஹீரோயின் யாருங்க ஐயா?”

“என்ர மருமகள்தான். பாரும், டயலாக் மறந்த மாதிரி நிக்கிறா.”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அபர்ணாவும் சிரித்தாள். கையில் எலுமிச்சை ஈரமாக இருந்தது. நியாயமாக அங்கேயே, வாசலில் வைத்து, சொல்லியிருக்க வேண்டும். நகரத்துக்குப் போகிற பஸ் வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், சொல்லும் நேரம் கலைந்துபோனது.

சுரங்கச் சாலை தாண்டியதும் மறுபடி முயன்றாள்.

“மாமா, விது சொன்னாங்கல்ல ஷூட்டிங்னு...”

“குணத்துக்குப் படமெண்டா விசர்” என்றார் மாமா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. அந்தப் பெயரை அவர் தானாகச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. “சைக்கிள்ல பதினைஞ்சு மைல் ஓடிப் போய்ப் பாப்பான். இப்ப எங்க இருக்கிறானோ. இருந்தா அறுவது வயசு. இந்தக் கொட்டிலைக் கண்டானெண்டால் என்னை விடமாட்டான். ‘அண்ணை, எனக்கொரு பாட்டு’ எண்டு நிப்பான்.”

எங்க இருக்கிறானோ. அபர்ணாவுக்கு அந்தச் சொல் இடறியது. இறந்தவரைப் பற்றி இவர்கள் ஊரில் இப்படித்தான் சொல்வார்களோ? தனக்குத்தான் புரியவில்லையோ? கேட்கவில்லை. வைப்பர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தது.

மாமாவும் அபர்ணாவும் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு இருபது. விதுஷனும் கோகுலும் வேலிப் பக்கம், சத்தம் அளக்க வந்த பெண்ணோடு நின்றார்கள். ஆகஸ்ட் சேறு. மாமா யாருக்கும் காத்திராமல் நேரே கொட்டகைக்குப் போய் முதல் கதவைத் திறந்தார். பிறகு இரண்டாவதை.

சளிக் காய்ச்சலில் அவர் மூன்று வாரம் வரவில்லை. அந்த மூன்று வாரத்தில்தான் கடைசிப் பக்கம் முடிந்திருந்தது.

அபர்ணா பின்னால் ஓடினாள். இரண்டாவது கதவு தானாகச் சாத்திக்கொண்டதும் வெளியே இருந்த மழை, காற்று, டிராக்டர் எல்லாம் அறுந்துபோயின. அந்த அறைக்கு அவள் இன்னும் பழகவில்லை. உள்ளே பேசினால் சொல் ஒரு சாண் போய் விழுந்துவிடும். சும்மா நின்றால் காதுக்குள் தன் ரத்தமே இரைவது கேட்கும். எத்தனை முறை கழுவியும் தரையிலிருந்து மாட்டின் வாடை மெல்ல ஏறிவந்தது. நூறு மாடுகள் மூச்சை அடக்கிக்கொண்டு எங்கோ நிற்பது போல.

மாமா கடைசிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்கே சாய்த்து வைத்த இரும்புத் தகடு. அதன் பின்னால், தரையிலிருந்து கூரை வரை, மண் மூட்டைகள். முன்னால் கம்பியில் தொங்கும் ஐந்து வெள்ளைத் தாள்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்பு வட்டம்.

“இதென்ன பிள்ளை?”

“மாமா, நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். இது சினிமா ஷூட்டிங் இல்லீங்க. துப்பாக்கி. போட்டிக்குச் சுடறது. விது அதைத்தான் சொன்னாங்க. நீங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டீங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லலை.”

மாமா திரும்பவில்லை.

“வெடி வைக்கிற இடமோ?” என்றார்.

“வெடி இல்லீங்க மாமா, துப்பாக்...” என்று தொடங்கியவள் நிறுத்தினாள்.

வெடி வைக்கிறது. வெடி பட்டது. யாழ்ப்பாணத்துக்காரர் வாயில் வெடி என்றால் என்ன என்று நாலு வருடம் கழித்து, மண் மூட்டைகளின் முன்னால், அவளுக்கு விளங்கியது. திருவிழா இல்லை. பட்டாசு இல்லை. தேர் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்த அந்தப் பையனை யாரோ சுட்டிருக்கிறார்கள்.

கைப்பையை இறுக்கிக்கொண்டாள். மூன்று வாரம் என்று கணக்கு வைத்தது எவ்வளவு பெரிய விஷயத்துக்கு என்பது இப்போதுதான் தெரிந்தது.

கதவு திறந்தது. விதுஷன் சிரித்தபடி வந்தான். “அப்பா! எப்பிடி இருக்கு?”

“துவக்குக்கோ இவ்வளவும் கட்டினனான்?” என்றார் மாமா. துப்பாக்கிக்கு அவர் ஊர்ச் சொல் அது.

விதுஷன் அப்பாவையும் அபர்ணாவையும் மாறிமாறிப் பார்த்தான். “அப்பா, நான் சொன்னனான்தானே. ஷூட்டிங் எண்டு. நீங்கள் ஓம் எண்டனீங்கள்.”

“ஷூட்டிங் எண்டனி. ஓம்.”

“அப்ப?”

“படம் எடுக்கிறதெண்டு நினைச்சன்.”

கோகுலாக இருந்தால் சிரித்திருப்பான். விதுஷன் சிரிக்கவில்லை. அவன் முகம் பள்ளிக்கூடப் பையனின் முகம் போலச் சுருங்கியது. “உனக்குத் தெரியுமா?” என்று அபர்ணாவைக் கேட்டான். அவள் ஆம் என்று தலையசைத்தாள். “வாவ்” என்றான். அவ்வளவுதான். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்பா, வேண்டாமெண்டா இப்பவே நிப்பாட்டுறன். சைன் வைக்க வேண்டாம். ஐ மீன் இட்.”

மாமா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் கட்டிய சுவரை.

“தம்பி, இதுக்குள்ள வைச்சா வெளியில கேக்குமோ?”

“கேக்காது அப்பா. அதுக்குத்தானே இவ்வளவு வேலை. வேலியில நிண்டா ஒண்டுமே கேக்கக் கூடாது. கேட்டா கவுன்சில் விடாது.”

“ஒண்டுமே?”

“ஒண்டுமே.”

“எவ்வளவு தூரம் வேலி?”

“நூற்றெண்பது மீட்டர்.”

மாமா ஏதோ கணக்குப் பார்த்தார். “அப்ப வையுங்கோ” என்றார். “நான் வேலியில போய் நிக்கிறன்.”

சேற்றில் அவர் நடக்கும் வேகத்துக்கு அபர்ணா ஈடுகொடுக்கத் திணறினாள். வேலியோரம் சத்தம் அளக்கும் பெண் முக்காலியில் கருவியைப் பொருத்திவிட்டு, பேசாமல் நிற்கும்படி சைகை காட்டினாள். இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அவளிடமிருந்து தள்ளி, ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு மாமா நின்றார்.

“மாமா, என்னை மன்னிச்சிடுங்க.”

“உன்னில பிழையில்லை பிள்ளை.” தணிந்த குரலில், யாருக்கோ சாட்சி சொல்வது போலத் தொடங்கினார். “தொண்ணூறாம் ஆண்டு. ஆவணி மாசம். குணத்தை விசாரிக்க வேணும் எண்டு கூட்டிக்கொண்டு போச்சினம். ஆர் எண்டு கேக்காத, அது இப்ப வேண்டாம். புகையிலைக்குப் புகை போடுற மண் குடில் ஒண்டு. அதுக்குள்ள முந்தின கிழமை மூட்டை மூட்டையா மண் கொண்டு போனதை நான் கண்டனான். ஷெல் அடிக்குப் பயந்து அடுக்கினம் எண்டு நினைச்சன்.”

“நீங்க அங்க போனீங்களா?”

“பின்னாலயே போனன். கிட்டப் போக விடேல்லை. ஒழுங்கையில ஒரு பூவரசுக்குக் கீழ நிண்டன். இருநூறு மீட்டர் இருக்கும். காலமை பத்து மணியில இருந்து பின்னேரம் அஞ்சு மணி வரைக்கும் காதைக் குடுத்துக்கொண்டு நிண்டன். வெடிச் சத்தம் கேக்கேல்லை. ஒண்டு கூடக் கேக்கேல்லை. பிறகு அவையள் வந்து, அவனை வேற இடத்துக்குக் கொண்டு போயிட்டம் எண்டு சொல்லிச்சினம்.”

“அப்புறம்?”

“வீட்ட வந்து சொன்னன். வெடி கேக்கேல்லை, அவன் உயிரோடதான் இருக்கிறான் எண்டு. அம்மா அதை நம்பிக்கொண்டே கண்ணை மூடினா. செல்வநாயகிக்கும் சொன்னன். குணத்தின்ர பெஞ்சாதி. கலியாணம் முடிச்சு எட்டு மாசம்.” மாமா கட்டையில் இருந்த பாசியை நகத்தால் சுரண்டினார். “அவள் இண்டைக்கும் பொட்டு வைக்கிறாள், பிள்ளை. நான் சொன்ன சொல்லுக்காக. ‘அத்தான் அங்க நிண்டவர், அவர் கேக்கேல்லை எண்டவர்’ எண்டு என்னைக் காட்டி ஊருக்கே சொல்லுவாள். ஆர் என்ன சொன்னாலும் கேக்கமாட்டாள்.”

வேலிக்கு அப்பால் இரண்டு மாடுகள் மழையில் அசையாமல் நின்றன. கொட்டகையைப் பார்த்தாள் அபர்ணா. சாம்பல் நிறத் தகரக் கூரை. அதற்குள் விதுஷன் இப்போது காதடைப்பானை மாட்டிக்கொண்டிருப்பான்.

ஒரு சத்தம் கேட்க வேண்டும். சின்னதாக, ஒரு கதவைச் சாத்துகிற அளவுக்காவது கேட்க வேண்டும். கேட்டால் இடத்துக்கு அனுமதி கிடைக்காது. மூன்று மாத உழைப்பு வீண். விதுஷன் நொறுங்கிப் போவான். தெரிந்தும் அவள் அதையே வேண்டினாள். கேட்டால்தான், மண் மூட்டை அடுக்கிய இடத்திலிருந்தும் சத்தம் வரும் என்றாகும். கேட்டால்தான் மாமாவின் பூவரசு மரத்தடிப் பகல் பொய்யாகாமல் இருக்கும்.

சத்தம் அளக்கும் பெண் கையை உயர்த்தித் தாழ்த்தினாள்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, வலது காதைக் கொட்டகைக்குக் கொடுத்தார். எழுபது வயது உடம்பு முழுவதும் அந்த ஒரு காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் இப்படி நிற்பது இது முதல் முறை அல்ல என்று அபர்ணா எண்ணிக்கொண்டாள். பக்கத்தில் ஒரு பூவரசு நிற்பதுபோல, அதன் கீழே முப்பது சொச்சம் வயதில் இன்னொரு மாமா நிற்பதுபோல.

மழை தூறிக்கொண்டிருந்தது. தூரத்துச் சாலையில் ஒரு லாரி. ஒரு பறவை வேலிக்கம்பியில் வந்து உட்கார்ந்து, கத்தி, போனது. ஒரு மாடு மூச்சுவிட்டது. அதுகூடக் கேட்டது.

அபர்ணாவும் கேட்டுக்கொண்டே நின்றாள். மூச்சை அடக்கிக்கொண்டு, கண் ஓரத்தில் கருவியைப் பார்த்துக்கொண்டு. எண்கள் மழைக்கும் காற்றுக்கும் மட்டும் ஏறி இறங்கின.

பையில் போன் அதிர்ந்தது. விதுஷன்.

‘ஆல் டன். சின்னத் துவக்கில அஞ்சு, பெரிசில அஞ்சு. ஏதும் கேட்டதா?’

சத்தம் அளக்கும் பெண் கருவியை நிறுத்தினாள். அபர்ணாவைப் பார்த்துச் சிரித்து, கட்டைவிரலை உயர்த்தினாள்.

மாமா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. தலை சாய்ந்தபடியே இருந்தது.

“எப்ப பிள்ளை வைக்கப் போறாங்கள்?” என்று மெல்லக் கேட்டார். “மூண்டு மணி ஆகேல்லையோ?”

இரண்டு கதவுகளையும் திறந்துகொண்டு விதுஷன் வெளியே வருவது தெரிந்தது. அவன் தயங்கித் தயங்கி இந்தப் பக்கம் பார்த்தான்.

இந்த முறை அபர்ணா தள்ளிப்போடவில்லை.

“முடிஞ்சிருச்சுங்க மாமா” என்றாள். “பத்தும் வெச்சுட்டாங்க.”

மாமா கண்ணைத் திறந்தார். கொட்டகையைப் பார்த்தார். தலை நேராவதற்கு வெகு நேரம் எடுத்தது. கை வேலிக்கட்டையை விட்டு, திரும்ப அதையே தேடிப் பிடித்தது.

“பத்துமோ?”

“பத்தும்.”

அவர் அழுவார் என்று அபர்ணா நினைத்தாள். அழவில்லை. சட்டைப் பைக்குள் கைவிட்டுப் போனை எடுத்தார். இரண்டு முறை தவறாக அழுத்தினார். அவளிடம் நீட்டினார்.

“யாழ்ப்பாணத்தில இப்ப எத்தினை மணி?”

“காலைல எட்டரை இருக்கும்.”

“கோயிலுக்குப் போய் வந்திருப்பாள். எடுத்துத் தா பிள்ளை.”

“இப்பவே வேணுங்களா மாமா? நாளைக்கு, கொஞ்சம் யோசிச்சிட்டு...”

“நான் முப்பத்தஞ்சு வரியம் யோசிக்காமச் சொன்ன சொல்லு. எடு.”

அபர்ணா எண்ணை அழுத்தினாள். மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். ஒலிபெருக்கியில், வெகு தூரத்திலிருந்து, பக்கத்தில் நிற்பது போலத் தெளிவாக ஒரு பெண்ணின் குரல்.

“அத்தான், சொல்லுங்கோ. என்ன இந்த நேரத்தில? எல்லாரும் சுகம்தானே?”

மாமாவின் வாய் திறந்தது. சேற்றில் மெதுவாக நடந்து வந்த விதுஷன் பத்தடி தள்ளி நின்றுவிட்டான்.

“ஹலோ? அத்தான்?” என்றாள் செல்வநாயகி. “நான் கதைக்கிறது கேக்குதோ?”